காவற்கோபுரமும் கண்ணோட்டமும்

தமிழில் 'கண்ணோட்டம்' என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள கருத்து என்னும் பொருளில் இன்று அதனை வழங்குகிறோம். "அவருடைய கண்ணோட்டம் வேறு, இவருடைய கண்ணோட்டம் வேறு" என்று நாள்தோறும் பேசுகிறோம். வள்ளுவர் காலத்தில் இச்சொல் உணர்த்திய பொருள் வேறு. கண் சென்ற இடத்துக்கு அருளும் உடன் செல்லுதல், கண்டவர்பால் நெஞ்சம் இரங்குதல் என்பதே அப்பொருள். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் இப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இரக்கம் கலவாத கண்ணை வள்ளுவர் கண்ணாகவே ஏற்பதில்லை. முகத்தில் உண்டான புண்ணாகவே அதனை மதிக்கிறார்.

அடுத்து வரும் 59ஆம் அதிகாரம் யாது என நோக்குவோர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அதன் பெயர் 'ஒற்றாடல்'. ஒற்றரை அரசனுடைய கண்களுள் ஒன்றாக அங்கே வைத்துப் பேசுகிறார் ஆசிரியர். ஆகவே கண்ணுக்குத் தொழில் இரண்டு. காணப்படுபவர்பால் இரங்குவது ஒன்று. காணப்படுபவரை அறிந்து ஆள்வது மற்றொன்று. நாட்டை ஆளும் கடமை உடையவனுக்கு இரண்டாவதும் வேண்டும் என்பதை வள்ளுவர் மறுக்கவில்லை. எனினும் இரக்கத்தை முன்னே வைத்து, வேவு பார்த்தலைப் பின்னே வைத்தார். அதிகார வைப்பு முறைக்குப் பெரும்பொருள் கற்பிக்க வேண்டுவதில்லை என்பாரும் உளர். ஆயினும் இந்த வரிசை நம் சிந்தனையைத் தூண்டுவதற்குத் தக்கது என்பதில் ஐயமில்லை.

பிழைப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பயணம் புதிதன்று. விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேற்றூர் காணப் புறப்படுகிறோம். கோயில், கோட்டை, அரண்மனை, நினைவுச் சின்னம் என எத்தனையோ கட்டடங்களைக் கண்டு மகிழ்கிறோம். "எவ்வளவு உயரம்! எத்தனை தூண்கள்! எந்தக் காலத்துக் கட்டடம்!" என்று வியக்கிறோம். அவ்வாறு காணும்போது நம் கண் மேற்சொன்ன இரண்டு தொழில்களுள் எதனைச் செய்கிறது? காண்பதற்கும் ஓர் அறம் உண்டா? இக்கேள்விக்கு விடை தேட அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கட்டடம் ஒரு விடை

மனிதர் எழுப்பிய ஒவ்வொரு கட்டடமும் ஒரு கேள்விக்கு விடையாக நிற்கிறது. "மனிதன் மனிதனோடு எவ்வாறு வாழ வேண்டும்?" என்பதே அக்கேள்வி. எழுப்பியவர் இவ்விடையை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கலாம்; சுவரும் வாயிலும் சாளரமும் அதனைச் சொல்லிவிடுகின்றன.

நம் ஊர் வீடுகளின் முன்புறத்தில் இருந்த திண்ணையை எண்ணிப் பார்ப்போம். அது வீட்டுக்காரருக்கு உரியது. எனினும் வீட்டுக்கு வெளியே இருந்தது. வழிநடந்து களைத்தவர் யாரிடமும் கேளாமல் அங்கே அமர்ந்து இளைப்பாறலாம். வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்கு நிற்கலாம். அறிமுகமில்லாத ஒருவருக்கும் நம் வீட்டில் ஒரு பங்கு உண்டு என்று அந்த இரண்டு முழ மேடை சொல்லிற்று. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து ஓர் அறத்தை உரைத்தன என்றால் அது மிகையாகாது.

ஆகவே கட்டடக் கலையைக் காணுதல் என்பது நீள அகலங்களை அளப்பதோடு முடிவதில்லை. அந்தக் கட்டடம் யாரை யாரோடு சேர்த்தது, யாரை யாரிடமிருந்து பிரித்தது, யாரை யார் காணும்படி செய்தது என்று வினவும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

சிற்றறைச் சிறை

இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேர் நகரில், கடலை நோக்கிய ஒரு மேட்டின்மேல், செல்லுலார் சிறை நிற்கிறது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில அரசு, அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் 200 கைதிகளை டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பாருடன் இங்கே கொண்டுவந்து இறக்கிற்று. காட்டை வெட்டுவதும் சாலை அமைப்பதும் அவர்களுக்கு இடப்பட்ட பணி. பல்லாண்டுகள் இவ்வாறு சென்றன. 1890இல் சர் சார்லஸ் ஜேம்ஸ் லயால், டாக்டர் லெத்பிரிட்ஜ் என்னும் இரு அலுவலர்கள் இத்தீவுக் குடியிருப்பை ஆராய்ந்தனர். தீவுக்குக் கடத்தப்படுவதைக் கைதிகள் போதிய அளவு அஞ்சவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே வந்திறங்கிய தொடக்கக் காலத்தில் கைதியைக் கடுந்தனிமையில் வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். அப்பரிந்துரை செங்கல்லாக உருக்கொண்டதே இந்தச் சிறை. 1896இல் தொடங்கிய பணி 1906இல் நிறைவுற்றது. செங்கற்கள் பர்மாவிலிருந்து வந்தன. கட்டிய கைகளோ கைதிகளுடைய கைகள்.

இதன் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல 7 கட்டடப் பகுதிகள் விரிந்து சென்றன. ஒவ்வொன்றும் மூன்று மாடிகள் கொண்டது. ஒவ்வொரு மாடியிலும் ஒற்றை வரிசையாக அறைகள்; அவற்றின் முன்னே நீண்ட தாழ்வாரம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 700 அறைகள். ஓர் அறைக்கு ஒரு மனிதன். பலர் கூடித் தங்கும் கூடம் ஒன்றேனும் இல்லை. அறையின் நீளம் 4.5 மீட்டர், அகலம் 2.7 மீட்டர். பின்சுவரில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு காற்றுவழி. கதவின் தாழ்ப்பாள் கதவை விட்டு விலகிச் சுவரின் மாடத்துள் சென்று பூட்டிக்கொள்ளும். கம்பிகளின் வழியே எவ்வளவு கை நீட்டினாலும் உள்ளே இருப்பவனுக்கு அது எட்டாது.

எல்லாவற்றினும் நுட்பமானது ஆரக்கால்களின் திசை. ஒரு பகுதியின் முன்புறம் அடுத்த பகுதியின் முதுகை நோக்கி இருந்தது. கம்பிக் கதவின் பின்னே நிற்கும் கைதி தலைநிமிர்ந்து பார்த்தால் அவன் கண்ணுக்குத் தெரிவது அடுத்த கட்டடத்தின் பின்சுவர். அச்சுவருக்கு அப்பால் 100 பேர் இருக்கலாம். ஆயினும் ஒரு முகம் தெரியாது; ஒரு கண் மற்றொரு கண்ணைச் சந்திக்காது. நடுக்கோபுரத்தில் நிற்கும் காவலரோ எல்லாத் தாழ்வாரங்களையும் நோக்கலாம். காண்பவர் காணப்படுவதில்லை, காணப்படுபவர் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஒற்றாடல் ஒன்றே எஞ்சி, கண்ணோட்டம் முற்றும் துடைக்கப்பட்ட ஒரு கட்டடம் இது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இந்தச் சிறை திறமையாகக் கட்டப்பட்டது. காற்று வீசுகிறது, வெளிச்சம் உண்டு, வளைவுகள் ஒரே ஒழுங்கில் வரிசை வரிசையாகச் செல்லும் காட்சி கண்ணைக் கவர்கிறது. கட்டடக் கலை பயிலும் மாணவர் ஒருவர் இதன் முன் நின்று "நன்று" என்று சொன்னால் அவரைக் குறை கூற இயலாது. திறம் இருக்கும் இடத்தில் அறமும் இருந்தே தீரும் என்னும் நம்பிக்கை இங்கே உடைகிறது. திறம் வேறு, அறம் வேறு என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடங்கள் உலகில் பல இல்லை.

நல்லெண்ணம் கட்டிய சுவர்

இவ்வடிவம் கொடியவர் மனத்தில் பிறந்தது என்று எண்ணிவிடுதல் எளிது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

எல்லோரையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் கட்டடம் என்னும் கருத்தை உலகறியச் செய்தவர் ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம். ரஷ்யாவில் பணியாற்றிய அவருடைய தம்பி சாமுவேல், தொழிலாளரை மேற்பார்வையிடுவதற்கு எண்ணிய ஒரு திட்டமே அதற்கு வித்து. 1791இல் ஜெரமி பெந்தம் அதனை விரிவான நூலாக வெளியிட்டார். அடியும் விலங்கும் இன்றிச் சிறையை நடத்தலாம், கைதியைத் திருத்தலாம் என்பது அவருடைய எண்ணம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்கூட இவ்வடிவம் ஏற்றது என்று அவர் கருதினார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சீர்திருத்தக்காரர்கள் தனிமையில் இருக்கும் மனிதன் தன் குற்றத்தை எண்ணி மனம் திரும்புவான் என்று நம்பினர். ஜான் ஹாவிலண்டு என்னும் சிற்பி அவர்களுக்காக வரைந்த சிறை 1829இல் திறக்கப்பட்டது. நடுவிலிருந்து விரியும் 7 கைகளைக் கொண்டது அது. இலண்டனில் 1842இல் பென்டன்வில் சிறை அந்நெறியைத் தழுவி எழுந்தது. அங்கிருந்து அவ்வடிவம் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறிற்று. செல்லுலார் சிறையின் கோபுரக் காவலர் பெந்தம் எண்ணியவாறு அறைகளின் உள்ளேயே நோக்கவில்லை, தாழ்வாரங்களையே நோக்கினார். எனினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

பிலடெல்பியாச் சிறையைக் காண வந்த பயணிகள் பலர். தூய்மையையும் ஒழுங்கையும் கண்டு பாராட்டிச் சென்றவர்கள் அவர்களுள் உண்டு. 1842இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே சென்றார். அவர் சுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பவில்லை. அறைக்குள் சென்று கைதிகளோடு பேசினார். அவர்களுடைய முகங்களை நோக்கினார். உடம்பை வருத்தும் எந்தத் தண்டனையைக் காட்டிலும் மனத்தின்மேல் நாள்தோறும் மெல்ல நடக்கும் இவ்வதை கொடிது என்னும் முடிவுக்கு வந்து, அதனைத் தம் பயணநூலில் எழுதினார். அதை அமைத்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதையும் அவர் மறுக்கவில்லை; தாங்கள் செய்வது இன்னது என்பதை அவர்கள் அறியவில்லை என்றே கருதினார்.

ஒரே கட்டடம், கண்டவர் பலர். வேறுபாடு கண்ணோட்டத்தில் இருந்தது. ஆர்வம் எல்லோருக்கும் இருந்தது. டிக்கன்ஸுக்கு ஆர்வத்தோடு இரக்கமும் இருந்தது. வள்ளுவர் வேண்டிய கண் அதுவே.

கோபுரத்தின்மேல் நிற்கும் நாம்

செல்லுலார் சிறையின் 7 கைகளுள் இன்று நிற்பவை 3. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கமும், 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியும், பிற்காலத்து இடிப்பும் ஏனையவற்றை அழித்தன. சிறை வளாகத்தில் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதற்கு எடுத்த நிலத்தில், நோயுற்றவன் அருகே மற்றொருவன் அமர்ந்து கை பற்றும் இடம் எழுந்தது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இச்சிறையை நாட்டு நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். கைதிகளின் பெயர்கள் நடுக்கோபுரத்தில் பளிங்கில் பொறிக்கப்பட்டுள்ளன. யார் என்று தெரியாதபடி வைக்கப்பட்டவர்களுக்கு, அவர்களைக் கண்காணித்த கோபுரமே இன்று பெயர்ப்பலகையாக நிற்பது எண்ணத்தக்கது.

காண வருவோர் மேலே ஏறிச் செல்கின்றனர். சுற்றிலும் நீலக் கடல், எதிரே பசுந்தீவு, கீழே ஆரக்கால்கள். காட்சி மிக அழகியது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு நிற்கும் நாம், காவலருடைய கண் இருந்த இடத்தில் நம் கண்ணை வைத்து நிற்கிறோம் என்பதை எண்ணுகிறோமா? எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காணும் இன்பம் அக்காவலருக்கும் இருந்திருக்கும். கீழே இறங்கி, ஓர் அறைக்குள் சென்று, கதவைச் சாத்திச் சிறிது நேரம் எதிர்ச்சுவரை நோக்கியிருப்போமாயின், அதே கட்டடம் வேறொன்றாகத் தெரியும். மேலிருந்து கண்டவர்க்கு அது வடிவம். உள்ளிருந்து கண்டவர்க்கு அது வாழ்வு. பயணம் செய்பவர் இரண்டு இடங்களிலும் நின்று பார்த்தல் கடமை என்று தோன்றுகிறது.

துறைமுகத்துக்கு எதிரே உள்ள ராஸ் தீவும் இதனையே வேறு வகையில் கற்பிக்கிறது. 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்ற இத்தீவு, ஆங்கில ஆட்சியின் தலைமையிடமாக இருந்தது. ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டிக் கிடங்கு, நடன அரங்கு எல்லாம் இங்கே இருந்தன. இன்று ஆல அத்தி இனத்து மரங்களின் வேர்கள் அச்சுவர்களைத் தழுவி இறுக்கிக்கொண்டிருக்கின்றன. பாழடைந்த அழகு என்று அதனை வியப்பது இயல்பு. விருந்து நடந்த கூடத்தின் கல்லைச் சுமந்தவர் யார் என்று கேட்பது பயிற்சியால் வருவது.

நக்கவாரத்து வீடு

அந்தமானுக்குத் தெற்கே இருப்பது நிக்கோபார்த் தீவுக் கூட்டம். தமிழர்க்கு இப்பெயர் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களின் வரிசையில் 'மாநக்கவாரம்' என்று இதனைக் கூறுகிறது. வெற்றியைச் சொன்ன கல்வெட்டு அத்தீவில் வாழ்ந்தவர் எவ்வாறு வீடு கட்டினர் என்று சொல்லவில்லை. அது வேந்தனுடைய கண்.

நிக்கோபாரியர்களுடைய மரபு வீடு வட்டமானது. தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போலக் குவிந்த புற்கூரை. அதனைத் தாங்கும் உயர்ந்த மரத்தூண்கள். ஏறிச் செல்ல ஓர் ஏணி. இரும்பாணிக்கு அங்கே வேலை இல்லை. பிரம்பாலும் கொடியாலும் இணைப்புகளைக் கட்டினர். நிலம் நடுங்கும்போது ஆணி அடித்த இணைப்பு முறியக்கூடும். கட்டிய இணைப்பு நெகிழ்ந்து கொடுக்கும். தரையின் ஈரமும் பெருமழையும் உயர்ந்த தளத்தை எட்டுவதில்லை. வீட்டின் அடியில் உள்ள நிழலே பகல் நேரத்துக் கூடம். அங்கே இருக்கை உண்டு. வேலையும் பேச்சும் அங்கேயே. அயலார் வந்தால் அமரும் இடமும் அதுவே. நம் திண்ணைக்கு உறவான ஓரிடம் ஆயிரம் கல் கடந்தும் இருப்பதைக் காணும்போது நெஞ்சம் குளிர்கிறது. வெளியார் நிக்கோபாருக்குச் செல்லத் தனி இசைவு வேண்டும் ஆதலால், நம்மில் பெரும்பாலோர் இத்தகைய அமைப்புகளை நகரின் மானிடவியல் அருங்காட்சியகத்திலேயே அறிந்துகொள்ள முடியும்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இத்தீவுகளின் கரையோர ஊர்களைத் துடைத்துச் சென்றது. கச்சால் தீவில், 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அப்பேரழிவைக் கண்டன. இழந்தவர்க்கு வீடு தர அரசு முன்வந்தது. முதலில் தகரக் கொட்டகைகள் வந்தன. பின்னர் நிலையான வீடுகள் வந்தன. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து கப்பலில் பொருள்களைக் கொணர்ந்து, தொலைவில் வரைந்த திட்டப்படி அவற்றை எழுப்பினர். உதவி செய்யும் எண்ணம் உண்மையானது, செலவும் பெரிது. எனினும் வெப்பத்தீவில் தகரத்தின் கீழ் வாழ்வது எவ்வாறு இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 'துஹேத்' எனப்படும் கூட்டுக் குடும்பமே நிக்கோபாரியர் வாழ்வின் அடித்தளம். நிலமும் தென்னையும் பன்றியும் அக்கூட்டுக்கு உரியவை. புதிய வீடுகளோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்னும் சிறு குடும்பக் கணக்கில் வரிசை வரிசையாக அமைந்தன. ஒரு சமுதாயத்தை மாற்றச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. வீட்டின் வரைபடமே போதுமானதாயிற்று.

சிறையைக் கட்டியவர்க்கும் இவ்வீடுகளைக் கட்டியவர்க்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஒன்று தண்டனை, மற்றொன்று துயர் துடைப்பு. ஆயினும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. உள்ளே வாழப் போகிறவரைக் கேளாமல் அவருக்காகக் கட்டும் எந்தக் கட்டடமும், எவ்வளவு நல்லெண்ணத்தில் பிறந்தாலும், அவருடைய வாழ்வின்மேல் பிறருடைய கருத்தைச் சுமத்திவிடும்.

காணாதிருத்தலும் அறமே

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருகிறோம். எல்லாவற்றையும் காணும் உரிமை பயணிக்கு உண்டா?

அந்தமானின் காடுகளில் ஜாரவா மக்கள் வாழ்கின்றனர். அவர்களைக் காக்க 1956இல் ஒரு விதிமுறை இயற்றப்பட்டது. எனினும் அவர்களுடைய காட்டின் ஊடே பெருஞ்சாலை ஒன்று செல்கிறது. அச்சாலையின் சில பகுதிகளை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் போக்குவரத்துத் தொடர்ந்தது. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் காணப் போவதாகச் சொல்லிப் பலர் அவ்வழியே சென்றனர். உண்மையில் சாலையோரத்தில் அம்மக்கள் தென்படுவார்களா என்று சாளரத்தின் வழியே தேடியவர்கள் அவர்களுள் உண்டு. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் படக்காட்சி ஒன்று 2012இல் வெளிவந்து உலகைத் தலைகுனியச் செய்தது.

அந்த ஊர்தியின் சாளரத்துக்கும் சிறையின் காவற்கோபுரத்துக்கும் உள்ள உறவை எண்ணுக. அங்கேயும் காண்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். காணப்படுபவரிடம் இசைவு கேட்பதில்லை. ஆர்வம் என்னும் நற்பெயரைத் தாங்கி ஒற்றாடல் மீண்டும் வருகிறது.

"அறியும் ஆவல் மனிதனுக்கு இயல்பு, அதனைத் தடுத்தால் அறிவு வளர்வது எவ்வாறு?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். அறிதலும் நேரில் காணுதலும் ஒன்றல்ல என்பதே விடை. காட்டு மரமும் ஓலையும் கொண்டு அம்மக்கள் குடில் அமைக்கும் முறையை ஆய்வாளர் எழுதியவற்றிலிருந்து நாம் கற்கலாம். அக்கல்வியால் அவர்களுக்குத் தீங்கில்லை. நம் உடம்போடு வரும் நோயும், நம் கையோடு வரும் தின்பண்டமும், நம் கண்ணோடு வரும் ஏளனமும் அவர்களுக்குத் தீங்கு. 1990களின் இறுதியில் வெளியாரோடு தொடர்பு மிகுந்தபின் அம்மக்களிடையே தட்டம்மை பரவியதை மறத்தல் ஆகாது. பிறர் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் அழைப்பின்றி உள்ளே நோக்காதிருத்தல் நம் பாட்டிமார் கற்பித்த ஒழுக்கம். காட்டையே வீடாகக் கொண்டவர்க்கு மட்டும் அவ்வொழுக்கத்தை நாம் மறுப்பது முறையாகுமோ?

ஆகவே கண்ணோட்டம் சில இடங்களில் உற்று நோக்கச் சொல்லும். சில இடங்களில் கண்ணைத் தாழ்த்தச் சொல்லும். இரண்டும் ஓர் அறத்தின் இரு முகங்கள்.

நம் வாயிலும் நம் தெருவும்

பிறர் கட்டியவற்றை இவ்வாறு ஆராய்ந்துவிட்டு நம் ஊரை மட்டும் போற்றி முடித்தல் நேர்மையாகாது. நம் திண்ணையைப் பாராட்டினோம். அத்திண்ணையில் எல்லோரும் அமர முடிந்ததா? தெருவிலேயே நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் இருந்தனர். சேரியை ஊருக்கு அப்பால் வைத்ததும் ஒரு வரைபடமே. விண்ணை அளாவும் மதுரைக் கோபுரத்தைத் தொலைவில் இருந்தே கண்டு திரும்பியவர் எத்தனை தலைமுறையினர்! 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சிலர் மீனாட்சியம்மன் கோயிலினுள் சென்றனர். அன்று அக்கோயிலில் ஒரு கல்லும் புதிதாக வைக்கப்படவில்லை. எனினும் அந்நாளில்தான் அதன் வாயில் உண்மையில் வாயிலாயிற்று.

இன்று நாம் பெருநகரங்களில் அடுக்குமாடிகளில் வாழ்கிறோம். கதவில் உளவுக்கண் பொருத்தியிருக்கிறோம். வாயிலில் படம் பிடிக்கும் கருவி வைத்திருக்கிறோம். காவல் வேண்டும் என்பது உண்மையே; வள்ளுவரும் ஒற்றாடலை விலக்கவில்லை. ஆனால் அதே கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வருபவர் தனி மின்தூக்கியில்தான் ஏற வேண்டும் என்று பலகை எழுதி வைக்கும் இடங்கள் உண்டு. வெயிலில் வந்து அஞ்சல் தருபவர் அமர ஒரு பலகை இல்லாத வாயில்கள் உண்டு. திண்ணையை விட்டு வந்தோம் என்று வருந்துகிற நாம், அது கற்பித்ததையும் விட்டு வந்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேற்றூரில் வந்து குடியேறி, பிறர் திண்ணையில் ஒதுங்கி, பிறர் காட்டிய பரிவால் காலூன்றிய குடும்பங்கள் நம்மவை. இக்கேள்வி நமக்கு நெருக்கமானது.

மூன்று வினாக்கள்

அடுத்த முறை பிள்ளைகளோடு பயணம் புறப்படும்போது, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்கலாம். இதனைத் தம் கைகளால் கட்டியவர் யார்? இது யாரை யார் காணும்படி அமைத்திருக்கிறது? இது யாரை வெளியே நிறுத்துகிறது? இவ்வினாக்கள் அழகை அழித்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுமந்த தோள்களை எண்ணுபவருக்கு அதன் விமானம் தாழ்ந்து தோன்றாது; அதனை நிமிர்ந்து நோக்கும்போது நன்றியும் உடன் தோன்றும்.

பள்ளிப் பிள்ளை ஒருவன் இவ்வினாக்களோடு செல்லுலார் சிறையின் தாழ்வாரத்தில் நடந்தால், அங்கே உள்ளதைக் கண்டு அவன் அஞ்சுவான், பின் இரங்குவான், பின் சிந்திப்பான். அவனே வளர்ந்து ஒருநாள் வீடோ பள்ளியோ மருத்துவமனையோ கட்ட நேரலாம். அப்போது வரைபடத்தின் முன் அமர்ந்து, உள்ளே வாழப் போகிறவரின் முகத்தை ஒருமுறை நினைப்பான். அந்த நினைவைத் தரும் பயணமே பயனுடைய பயணம்.

கண் இருக்கும் வரை காண்போம். செல்லுமிடமெல்லாம் ஆர்வத்தோடு காண்போம். அந்த ஆர்வத்துக்கு வள்ளுவர் வைத்த வரிசைப்படி, இரக்கம் முன்னே செல்வதாகுக.